எந்தக் காது?

2016-இல் திருச்சியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனேன். அப்போது எனக்கு 34 வயது. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். யாராவது என் இடது பக்கமாக நடந்து வந்தால் நைசாக இடம் மாறிக்கொள்வேன், கூட்டத்தில் யார் பேசினாலும் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதெல்லாம் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போயிருந்தது. ஆபீசில் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை, திமிர் பிடித்தவள் என்று பேச்சு வந்த பிறகுதான் பரிசோதனைக்கே போனேன்.

டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். செவிப்பறையில் பெரிய ஓட்டை இருக்கிறது, பல வருஷம் சீழ் வடிந்திருக்க வேண்டும் என்றார். அறையை மூடிக்கொண்டு ஹெட்போன் மாட்டி ஒலி கேட்கிறதா என்று சோதித்தார்கள். இடது பக்கத்துக் கோடு காகிதத்தில் சரிந்து கீழே போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு நாள் கவனிக்காம விட்டீங்க?"

அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, எல்லா நோயாளிகளிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்த "விட்டீங்க" என்ற சொல் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. சீழ் வடிய ஆரம்பித்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் எதைக் கவனித்திருக்க முடியும், எங்கே போயிருக்க முடியும்? வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் வகுப்பு. காலையில் எழுந்தால் தலையணை உறை மஞ்சளாகக் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். தலையணையின் ஓரத் தையலைப் பிரித்து அதிலிருந்து இலவம்பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். மத்தியானத்துக்குள் அது ஊறிவிடும், நாற்றம் வரும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கடைசியில் பெஞ்சில் நான் மட்டும் இருப்பேன். டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். வருஷம் முடிவதற்குள் அந்தத் தலையணை பாதியாகிவிட்டது. தலையணை ஏன் இப்படி ஒட்டிப்போயிருக்கிறது என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்கிறேன். அப்பா பெல்ட்டால் அடிப்பார். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடனேயே நானும் தம்பியும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் அலுவலகத்தில் யாராவது நாற்காலியை இழுக்கிற விதத்தை வைத்தே அவருக்கு என்ன மனநிலை என்று கணக்குப் போடுகிறேன், வேண்டாம் என்று நினைத்தாலும் நிற்பதில்லை. அம்மா அடித்ததே இல்லை. மூன்றாவதாகப் பிறந்த குழந்தை தவறிய பிறகு அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு வருஷம், அல்லது மூன்று. சோறு ஆக்கினால் உண்டு, ஆக்காவிட்டால் இல்லை. தலையில் பேன் இழைந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்பதோடு அப்பத்தா பேச்சை முடித்துவிடுவார். இப்போது அதற்கு மனச்சோர்வு என்று பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, அன்று எங்கள் ஊரில் இரண்டும் இல்லை. இது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அம்மாவின் நோய் எனக்குப் புரிந்துவிட்டதால் ஒன்பது வயதில் வடிந்த சீழ் வடியாமல் போய்விடுமா?

பள்ளியில் சத்துணவு சமைக்கிற ஆயா ஒருவர் இருந்தார். ஒருநாள் தட்டில் சோறு போடும்போது குனிந்து என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காதைப் பார்த்தார், முந்தானையால் துடைத்தார், "யார் பெத்த புள்ளடி நீ" என்று மட்டும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஒரு சின்ன சொட்டு மருந்து பாட்டில் வாங்கிக்கொடுத்தார். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அடுப்படிக்குப் போனால் மடியில் தலையைச் சாய்த்து வைத்து மருந்து விடுவார். அந்த இரண்டு நிமிஷம் அவர் மடியில் புகை வாசமும் பருப்பு வாசமும் அடிக்கும். பாட்டில் தீர்ந்தபோது காது காய்ந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஆரம்பித்தது, அதற்குள் அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. பெல்ட் கதையைச் சொல்லியிருக்கிறேன், கல்லூரித் தோழிகளிடம், கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம். அடிக்கு நாள் இருக்கிறது, தழும்பு இருக்கிறது, ஆரம்பமும் முடிவும் இருக்கிறது, அதனால் அதைச் சொல்லிவிடலாம். கவனிக்காமல் விட்டதை எந்த நாளில் நடந்தது என்று சொல்வது? "புறக்கணிப்பு" என்ற சொல் எழுத்தில் இருக்கிறது, தேர்தலுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. பேச்சில் நாம் சொல்வது "தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பதுதான். பாருங்கள், அந்தச் சொல்கூட விட்டவர்களின் வாயிலிருந்து வருவது. தண்ணீர் தெளிக்கப்பட்ட பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

காதுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். காதுக்குப் பின்னால் கீறி, அங்கிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையின்மேல் ஒட்டுவார்கள். ஓட்டை மூடிவிட்டது, கேட்கிற திறன் கொஞ்சம்தான் திரும்பியது. அந்தக் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் தூக்கமே இல்லாமல் ஒரு கவுன்சலரைத் தேடிப் போனேன். அவர் வழியாகத்தான், சிறு வயதில் இப்படிக் கொடுமைகளைச் சந்தித்தவர்கள் கூடிப் பேசுகிற அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குப் போனேன்.

குழு என்றால் பெரிதாக எதுவும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்தரை மணி. மற்ற நாட்களில் தையல் வகுப்பு நடக்கிற ஒரு அறை. மெஷின்களைத் துணி போட்டு மூடிச் சுவரோரம் தள்ளியிருப்பார்கள், நடுவில் எட்டு ஒன்பது நாற்காலி. தரையெல்லாம் துண்டு நூல் கிடக்கும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து அந்த நூல்களைப் பொறுக்கி விரலில் சுற்றிக்கொண்டே பேசுவார்கள். கவுன்சலர் முதலிலேயே சில விஷயங்களைச் சொல்லிவிடுவார். இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. அப்புறம் ஒன்று: இப்போது ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று யாராவது சொன்னால் அதை அவரால் ரகசியமாக வைத்திருக்க முடியாது, போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். (மற்றவர்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கு அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல் தடவை நான் பேசவில்லை. எனக்கு எதிரே 24 வயதுப் பெண் ஒருத்தி. அப்பா அம்மா இருவரும் வேலைக்காக வெளியூர் போனபோது படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சாப்பிடுவாள், எல்லோரும் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிவிட்டு. "அவங்க என்னை அடிக்கவே இல்லக்கா. ஒரு தடவகூட அடிக்கல. பேரு சொல்லிக் கூப்பிடவும் இல்ல" என்றாள். ஆறு வருஷம் "ஏய்" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போதும் யாராவது முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று வயிற்றைப் பிசைகிறதாம். அதைக் கேட்டபோதுதான் தலையணைப் பஞ்சைப் பற்றி நானும் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. இவளுக்குப் புரியும் என்று தோன்றியது. அடுத்த மாதம் சொன்னேன்.

நான் தனியாள் இல்லை என்று அந்த அறையில் மனசுக்குத் தெரிந்தது, எண்ணிக்கையாகத் தெரிந்தது பிறகுதான். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். அதில் 69 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானவர்கள். 53 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்தவர்கள். குடும்பத்துக்குள் உடல் கொடுமைக்கு ஆளானவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர்தான். எனக்கு மிகவும் வலித்தது வேறு பக்கத்தில் இருந்தது. பெண் குழந்தைகள் எப்படிக் கவனிக்கப்படாமல் விடப்படுகிறார்கள் என்று தனியாகவே கேட்டிருந்தார்கள். அண்ணன் தம்பிகளைவிட எனக்குச் சாப்பாடு குறைவாகத்தான் கிடைக்கிறது என்று 27.33 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆணாகப் பிறந்திருக்கலாம் என்று 48.4 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார், அதனால்தானே அவர்கள் சொன்னார்கள் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

கேட்டால் சொல்வார்கள் என்பது அமெரிக்காவிலும் அப்படித்தான் தெரியவந்தது. வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980-களில் சான் டியாகோவில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைப் பிரிவு நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்து, ஏன் என்று உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தபோது ஒருவர் பின் ஒருவராகச் சிறு வயதில் தங்களுக்கு நடந்த கொடுமைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்பி, ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் அதிகமானவர்களிடம் கேட்டு, முதல் கட்டுரையை 1998-இல் வெளியிட்டார்கள். சிறு வயதில் இப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக் கூடப் பெரியவரான பிறகு மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதய நோய் வரை வருகிற வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டியது அந்த ஆய்வு. இன்று பத்துக் கேள்விகளாகப் புழங்குகிற அந்தப் பட்டியலில் அடிக்குத் தனிக் கேள்வி, கவனிக்காமல் விட்டதற்குத் தனிக் கேள்வி. பத்தில் ஆறு கேள்விகளுக்கு என் பதில் "ஆம்" என்று வந்தது. முதலில் பயந்துபோனேன். அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, உங்கள் ஒருவர் தலையெழுத்தைச் சொல்வது இல்லை என்று கவுன்சலர் நிதானமாக விளக்கினார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். யாராவது உங்களிடம் இப்படி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், அவர் சொல்லி முடித்தவுடன் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். எங்கள் குழுவில் ஒருநாள் இதை மட்டுமே பேசினோம்: முதல் தடவை சொன்னபோது உனக்கு என்ன பதில் வந்தது? "பெத்தவங்க அடிக்காம வேற யாரு அடிப்பா." "நடந்தது நடந்துபோச்சு, இப்ப எதுக்கு அதைக் கிளறணும்." "அவங்க கஷ்டம் அவங்களுக்கு." "அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் அப்படித்தான்." "வெளிய சொல்லாத, உன் கல்யாணத்துக்குத்தான் கஷ்டம்." பதில் சொன்னவர்கள் எல்லோருமே அன்பானவர்கள், அத்தை, தோழி, கணவன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பத்து வருஷம், பதினைந்து வருஷம் வாயே திறக்காதவர்கள் அந்த அறையில் இருந்தார்கள்.

நம் ஊரில் அடிக்குப் பழமொழி பஞ்சமே இல்லை. அடியாத மாடு படியாது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும். பள்ளியில் சேர்க்கும்போது என் அப்பா வாத்தியாரிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இதைக் கேட்டிருப்பார்கள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்துவிட்டது. ஸ்வீடன் 1979-லேயே வீட்டுக்குள் பெற்றோர் அடிப்பதையும் சேர்த்துத் தடை செய்தது. நம் வீட்டுக்குள் இன்னும் பழமொழிதான் சட்டம்.

என் தம்பியோடு நான் நாலு மாதம் பேசாமல் இருந்தது இதனால்தான். அப்பா 2009-இல் இறந்தபோது வந்தவர்களெல்லாம் தங்கமான மனுஷன் என்றார்கள், தம்பியும் அதையே நம்புகிறான். "அடிச்சாருதான்க்கா, அதனாலதான் நாம உருப்பட்டோம்" என்பான். அது அவன் பிழைத்துவந்த வழி, அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டிருந்தேன். ஒருநாள் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் மகன் கை தவறி டம்ளரைக் கீழே போட்டான். ஏழு வயது. டம்ளர் உருண்டு நிற்பதற்குள் அந்தப் பிள்ளையின் இரண்டு கையும் தலைக்குமேல் போய்விட்டது, முழங்கை முகத்தை மூடிக்கொண்டது. எனக்குத் தெரியாதா அந்தக் கை எங்கே போகிறது, ஏன் போகிறது என்று? சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, "இவனை இன்னொரு தடவ அடிச்சேன்னு தெரிஞ்சா நானே 1098-க்கு போன் பண்ணுவேன்" என்று குழந்தைகள் உதவி எண்ணைச் சொன்னேன். தம்பி மனைவி அழுதாள். அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். இப்போது பேசுகிறோம். கை வைப்பதில்லை என்கிறான், நான் பையனிடம் தனியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவிடம் கேட்பதற்கு 2023 வரை தைரியம் வரவில்லை. தம்பி வீட்டுத் திண்ணையில் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை இருப்பதால் ரொம்பப் பார்த்து வெட்ட வேண்டும். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டேன்: "அம்மா, நாலாவது படிக்கும்போது என் காதுல சீழ் வடிஞ்சது ஞாபகம் இருக்கா?"

"எந்தக் காது?" என்றார்.

இடது என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் கையை நீட்டி என் காது மடலை மடக்கிப் பின்னால் இருக்கும் தையல் தழும்பைத் தடவிப் பார்த்தார். ஏழு வருஷமாக அந்தத் தழும்பு அங்கேதான் இருக்கிறது. "அப்ப எனக்கு நாள் கெழமையே தெரியாதுடி" என்றார். அது மன்னிப்பா, வெறும் தகவலா, எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. மீதி நகத்தையும் வெட்டி முடித்தேன். மன்னித்துவிட்டாயா என்று சிலர் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

குழுவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். ஏழு மாதம் வந்தார், கதவோர நாற்காலியில்தான் உட்காருவார், முறை வந்தால் "நான் கேட்டுட்டுப் போறேம்மா" என்பார். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017-இல் அறிக்கை கொடுத்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் முதன்முதலாக ஒருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 வருஷம் ஆகியிருக்கிறது என்று கணக்குச் சொன்னது. எங்கள் கண்டக்டர் அண்ணனுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

போன நவம்பரில் பேசினார். படிப்பதற்காகச் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தபோது பதினொரு வயதில் நடந்தது. கையில் இருந்த துண்டுக் காகிதத்தை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகுவார், எடுப்பார், மறுபடி மடிப்பார், பஸ்ஸில் ரூபாய் நோட்டை மடித்து வைக்கிற மாதிரியே. நாலைந்து வாக்கியம்தான். பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தெரியாது என்றார். ஆம்பளப் பையனுக்கு இப்படி நடக்கும்னு அப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது என்றார். அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டார். அவர் பையனாக இருந்த காலத்தில் போக்சோ மாதிரி ஒரு சட்டம் நினைப்பில்கூட இல்லை, அது அமலுக்கு வந்ததே 2012 நவம்பர் 14-இல்தான். 1098 தொடங்கியதே 1996-இல்தான்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. மெஷின் மூடியிருந்த துணி மட்டும் காத்தாடிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது, முதல் தடவை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண், குரலை உயர்த்தாமல், அவர் பக்கம் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு கேட்டாள்:

"அது எந்த ஊருண்ணா?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அப்புறம் அந்த வீட்டுக் கதவு என்ன கலர் என்று சொன்னார், கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று சொன்னார், அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று சொன்னார், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். பன்னிரண்டு மணிக்கு முடிக்க வேண்டிய கூட்டம், நாங்கள் எழுந்தபோது மணி ஒன்றே முக்கால்.

(உங்களுக்கும் பேச வேண்டும் போல இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இப்போது ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098.)